தண்ணீர் இறைத்தும் வாடுகிற கத்தரி: வட்டப்புழுவை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

"தம்பி, மத்தியானம் வந்து பாத்தா எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்குது. பின்னேரம் பாத்தா ஒண்டும் நடக்காத மாதிரி நிமிந்து நிக்குது. தண்ணி காணாதோ?"

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் கத்தரித் தறை (தோட்டத் துண்டு) வைத்திருக்கும் ஒரு பெரியம்மா கேட்டது இது. இதே கேள்வியைக் கோப்பாயிலும் ஏழாலையிலும் புன்னாலைக்கட்டுவனிலும் வேறு வேறு சொற்களில் கேட்டிருக்கிறேன். பல இடங்களில் தண்ணீர் தாராளமாகவே இருந்தது. வேர்தான் அதைக் குடிக்க முடியாமல் கிடந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தரம் யூரியா போட்டு, இலைக்கு ஒரு மருந்தும் அடித்து முடித்திருப்பார்கள். அந்தக் காசும் வராது, போன மூன்று கிழமையும் வராது. அதனால் தறையில் இறங்கினால் எந்த ஒழுங்கில் பார்ப்பேனோ அதே ஒழுங்கில் இங்கே எழுதி வைக்கிறேன்.

வட்டப்புழு, நூற்புழு, நெமற்றோடு எல்லாம் ஒன்றுதான். அரை மில்லிமீற்றர்கூட வராது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நமக்குத் தெரிவது அது வேரில் கட்டிய வீடான முடிச்சு மட்டும். இப்படி முடிச்சுக் கட்டும் வகையைத்தான் வேர்முடிச்சுப் புழு என்பது.

## எந்த அறிகுறி என்றாலும் முதல் வேலை இது

ஒரு மண்வெட்டி, ஒரு வாளி தண்ணீர், ஒரு கத்தி, ஒரு கண்ணாடிக் குவளை. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையில் உருப்பெருக்கி வில்லை இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

செத்த செடியைத் தோண்ட வேண்டாம். அதன் வேர் அழுகி, முடிச்சும் கரைந்திருக்கும். வாடல் பரவிய இடத்தின் ஓரத்தில், பாதி சுகமும் பாதி வருத்தமுமாக நிற்கும் செடியைத் தெரிவு செய்யுங்கள். நன்றாக நிற்கும் இன்னொரு செடியும் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது.

கையால் இழுக்கக் கூடாது. இழுத்தால் தடித்த ஆணிவேர் மட்டும் வரும், முடிச்சுள்ள சல்லிவேர் மண்ணிலேயே அறுந்து நிற்கும். "வேர் வடிவாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு மருந்துக் கடைக்குப் போனவர்கள் பலர். அடித்தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிவரக் கொத்தி, மண்ணோடு கட்டியாகத் தூக்கி, வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊற விடுங்கள். பிறகு மெதுவாக அலையுங்கள். செம்மண் கரைந்து தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி ஆகும், வேர் வெள்ளையாக மேலே வரும்.

சுகமான வேர் நூல் மாதிரி ஒரே தடிப்பில் ஓடும். புழு பிடித்த வேரில் மணி கோத்த மாதிரி வீக்கம் இருக்கும். கடுகளவிலும் இருக்கும், கச்சான் பருப்பளவிலும் இருக்கும். முற்றிய செடியில் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து இஞ்சித் துண்டு மாதிரிக் கிடக்கும். ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து வில்லையால் பாருங்கள். வெள்ளையாக, பளபளவென்று, குண்டூசித் தலையிலும் சிறிதாக ஒரு புள்ளி இருக்கும். அதுதான் பெண் புழு. முடிச்சின் மேற்பரப்பில் மண்ணிறப் பசை மாதிரி ஒட்டியிருப்பது அதன் முட்டைப் பொதி. ஒன்றிலேயே நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும். முதன்முதல் பார்த்த அன்று எனக்கு அன்றைய சாப்பாடே இறங்கவில்லை. அந்த ஒரு செடியின் வேரில் மட்டும் அப்படி எத்தனை பொதி!

பார்த்து முடிந்ததும் அந்த வாளித் தண்ணீரைத் தறைக்குள்ளோ வாய்க்காலுக்குள்ளோ ஊற்ற வேண்டாம். வெயில் விழும் கல்நிலத்தில் ஊற்றுங்கள். மண்வெட்டியையும் கழுவிவிடுங்கள்.

## அறிகுறி: மத்தியானம் வாடல், பின்னேரம் நிமிர்வு

மண் காய்ந்திருக்கிறதா? செடியடியில் ஒரு விரல் நீளத்துக்குத் தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். பிடித்தால் பிடியாமல் உதிர்ந்தால் இறைப்பு காணாது. இறைத்து இரண்டு நாள் பாருங்கள். அதோடு சரியானால் இங்கேயே நிறுத்தலாம்.

மண் ஈரம், ஆனால் இலையோரம் கருகியிருக்கிறதா? கரையோரக் கிணறு என்றால் உவரை நினையுங்கள். கோடை முற்ற முற்றக் கிணற்றில் உப்பு ஏறும். வாயில் வைத்துப் பார்த்தாலே ஓரளவு தெரியும். இது புழுவின் கதை அல்ல, தண்ணீரின் கதை.

மண் ஈரம், இலை பச்சை, ஆனாலும் இரண்டு மூன்று நாளில் நிமிராமலே போய்விட்டதா? பற்றீரியா வாடலைப் பார்க்க வேண்டும். அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் மட்டும் தண்ணீருக்குள் இருக்கும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் பற்றீரியா வாடல்தான். அந்தச் செடிக்கு வைத்தியம் இல்லை. வேரோடும் மண்ணோடும் எடுத்து எரியுங்கள்.

ஒன்று கவனம். பால் நூலும் இறங்குகிறது, வேரில் முடிச்சும் இருக்கிறது என்று இரண்டும் சேர்ந்து வருவதுண்டு. புழு துளைத்த காயத்தின் வழியே பற்றீரியாவும் பூஞ்சணமும் உள்ளே போகும். அப்போது வாடலுக்கு மட்டும் வழி பார்த்தால் அடுத்த போகத்திலும் அதே தறையில் அதே கதைதான். முடிச்சுக்கும் சேர்த்துத் திட்டம் போடுங்கள்.

பால் நூல் இல்லை, வேரில் முடிச்சு இருக்கிறதா? இனிச் செய்வது செடியின் வயதைப் பொறுத்தது.

நட்டு ஒரு மாதத்துக்குள் வேரில் பாதிக்கு மேல் முடிச்சு என்றால் அந்தச் செடியை வைத்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வெக்கையில் முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை ஏறக்குறைய நாலு கிழமைதான். ஆறு மாதம் நிற்கும் கத்தரியில் ஐந்தாறு தலைமுறை பெருகும். நீங்கள் அந்தச் செடிக்குப் போடும் பசளை புழுவுக்குத்தான் போகும்.

காய்க்கத் தொடங்கிய செடி என்றால் பராமரித்து ஆதாயம் எடுக்கலாம். ஒரேயடியாக நிறைய இறைப்பதை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி இறையுங்கள். அடியில் உக்கின எருவும் மண்ணும் அணைத்துவிடுங்கள். தக்காளிக்கு இது நன்றாகப் பலன் தரும், அணைத்த தண்டிலிருந்து புதுவேர் விடும். மேலே வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்பி மண்ணைக் குளிர வைத்திருங்கள். யூரியாவைக் கூட்டிப் போடாதீர்கள். இலை பெருத்தால் தண்ணீர்த் தேவையும் பெருக்கும், அதைக் கொடுக்க அந்த வேரால் முடியாது.

காய் முடிந்த அன்றே செடியை வேரோடு கிளப்புங்கள். நம்மூரில் பெரிய பிழை இங்கேதான் நடக்கிறது. தண்டை அடியோடு வெட்டி மாட்டுக்குப் போட்டுவிட்டு வேரை மண்ணில் விடுவோம். முட்டைப் பொதி முழுவதும் அந்த வேரில்தான் இருக்கிறது. கிளப்பிய வேரை உரப்பையில் போட்டு, சீமெந்துத் தரையில் காயவைத்து எரியுங்கள். வேலிக்கரையில் எறிவதும் கூட்டெருக் குழியில் போடுவதும் வேண்டாம். குழி நன்றாகச் சூடேறாவிட்டால் முட்டை சாகாது.

## அறிகுறி: தறையில் ஒரு திட்டு மட்டும் மஞ்சள், குட்டை

முதலில் இலையைப் பாருங்கள். கீழிலை முதலில் வெளிறினால் நைதரசன் குறைவாக இருக்கலாம். குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. சுண்ணாம்புக் கல்லுக்கு மேல் கிடக்கும் நம் மண்ணில் இது புதினமில்லை. இரண்டுமே வழக்கமாகத் தறை முழுக்கப் பரவலாகத் தெரியும், அல்லது கல் மேலே தெரியும் இடங்களோடு ஒத்துப்போகும்.

புழுவின் திட்டு அப்படி இல்லை. அதற்கு ஒரு வழி இருக்கும். தறையைச் சுற்றி ஒருக்கால் நடந்து, திட்டு எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று பாருங்கள்.

வாய்க்கால் வழியே மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீண்டிருந்தால் தண்ணீர் கொண்டுவந்தது. பக்கத்துத் தறையின் பாத்தித் தண்ணீர் வழிந்து வந்திருக்கும். உழவு போன திசையில் நீண்டிருந்தால் உழவு இயந்திரத்தின் கொழுவில் ஒட்டி வந்த மண். முந்திப் புகையிலை நின்ற இடமும் இந்தத் திட்டும் ஒன்றா என்று வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். புகையிலை வட்டப்புழுவுக்கு மிகவும் பிடித்த பயிர். புகையிலைக்குப் பின் கத்தரி, கத்தரிக்குப் பின் தக்காளி என்று போனால் அதற்கு நாம் இடைவெளியே கொடுப்பதில்லை.

திட்டின் நடுவிலும் ஓரத்திலும் வெளியிலுமாக மூன்று செடி தோண்டுங்கள். மூன்றிலும் முடிச்சு இல்லையென்றால் பசளை, இரும்பு, கல் என்ற பக்கம் போங்கள்.

முடிச்சு இருந்தால் இன்றே இரண்டு வேலை. அந்தத் திட்டுக்கு இறைப்பதைக் கடைசியாக வையுங்கள், அங்கே போன தண்ணீர் நல்ல பாத்திக்குத் திரும்பக் கூடாது. அடுத்த உழவில் அந்த மூலையைக் கடைசியாக உழச் சொல்லுங்கள். உழவுகாரர் முறைத்தாலும் பரவாயில்லை, தறைக்குள் இறங்க முன் கொழுவைத் தட்டிக் கழுவச் சொல்லிக் கேளுங்கள்.

## அறிகுறி: போஞ்சி, பயற்றங்காய் வேரில் உருண்டை

பயப்பட முன் ஒரு உருண்டையை விரலால் தள்ளிப் பாருங்கள். வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்து சுலபமாகக் கழன்று வந்தால், பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு இருந்தால், அது நைதரசன் கட்டும் நல்ல முடிச்சு. அப்படியே விடுங்கள். வேரே வீங்கி, உருண்டையைக் கழற்றினால் வேரும் சேர்ந்து அறுந்தால் அது புழு. இரண்டும் ஒரே வேரில் இருப்பதும் உண்டு.

## அறிகுறி: கரட் கிளைத்து வருகிறது, உருளைக்கிழங்கில் பரு

கரட் இரண்டு மூன்று காலாகப் பிரிந்தால் முதலில் கல்லையும் உக்காத எருவையும் சந்தேகியுங்கள். பக்கவேரில் மணி மணியாக வீக்கமும் இருந்தால்தான் புழு.

உருளைக்கிழங்கின் தோலில் பரு எழும்பி, தோலைச் சீவினால் உள்ளே சிறு பளிங்குப் புள்ளிகள் தெரிந்தால் வேர்முடிச்சுப் புழு. அந்தக் கிழங்கைச் சமைக்கலாம், ஆனால் விதைக்கு எடுக்கக் கூடாது. மலைநாட்டில் கிழங்கைத் தாக்குவது வேறொரு வட்டப்புழு, கூடு கட்டும் வகை (சிஸ்ட் நெமற்றோடு). அது குளிர்ப் பிரதேசத்துச் சாமான். என்றாலும் விதைக்கிழங்கு எங்கிருந்து வருகிறது, அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நம் உரிமை. கார்த்திகை, மார்கழி நடுகைக்கு முன் மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, மண் ஒட்டிய கிழங்கையும் பரு உள்ள கிழங்கையும் புறம்பாக்குங்கள்.

## அறிகுறி: வாழை குலையோடு சாய்கிறது

நீர்வேலிப் பக்கம் இதைக் காற்றின் தலையில் போடுவார்கள். சோளகக் காற்றில் நடுத்தண்டு முறிந்தால் காற்றுத்தான். அடியோடு, வேர்ப்பந்தோடு பெயர்ந்து சாய்ந்தால் வேரை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே செம்மண்ணிறத்திலும் கறுப்பிலும் கோடு ஓடியிருந்தால் அது வேரைக் குடையும் இன்னொரு வகைப் புழு. கிழங்கில் சுரங்கமும் புழுவும் இருந்தால் கூன்வண்டு. இரண்டுக்குமே சுகமான தோட்டத்துக் குட்டியை எடுத்து, வேரையும் கறுத்த தோலையும் வெள்ளை தெரியும் வரை சீவிவிட்டு நடுவதுதான் முதல் காவல். குடையும் புழுவா, கூன்வண்டா என்று பிரிக்க முடியாவிட்டால் இந்த அறிகுறிக்கு நேரே விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிடுங்கள். வாழை ஆண்டுக்கணக்கில் நிற்கும் பயிர், ஊகித்து வேலை செய்ய ஏலாது.

## அறிகுறி: நட்டு இரண்டு கிழமையிலேயே கன்று வளராமல் நிற்கிறது

இதில் எனக்குப் பட்ட அனுபவம் ஒன்று இருக்கிறது. ஒரு வருடம் என் கன்றெல்லாம் மழையில் அழுகிப்போக, அவசரத்துக்கு ஒரு நாற்றுமேடையில் தக்காளிக் கன்று வாங்கினேன். இலை கரும்பச்சை, தண்டு தடிப்பம், பார்க்கவே ஆசையாக இருந்தது. வேரைப் பார்க்கவில்லை. மண்ணோடு பிடுங்கி, வாழைச்சருகில் சுற்றித் தந்தார்கள், அப்படியே நட்டேன். மூன்றாம் கிழமை தோண்டினால் ஆணிவேரிலேயே முடிச்சு. அதுவரை அந்தத் தறையில் அந்த நோய் இருந்ததில்லை. அதற்குப் பிறகு நாலு வருடம் அந்த மூலையை வைத்து மல்லுக்கட்டினேன்.

அதனால் கன்று வாங்கும்போது கட்டில் இரண்டு கன்றை எடுத்து, அங்கேயே ஒரு சிரட்டைத் தண்ணீரில் வேரைக் கழுவிப் பாருங்கள். விற்பவர் மனம் கோணினால் கோணட்டும். கண்ணுக்குத் தெரிகிற முடிச்சு ஒன்று இருந்தாலும் முழுக் கட்டையும் விட்டுவிட்டு வாருங்கள்.

சொந்த நாற்றுமேடை என்றால்:

மேடை மண்ணில் வைக்கோலையும் உமியையும் அடுக்கடுக்காகப் பரப்பி, காற்றுக்கு எதிர்ப்பக்கமாகக் கொளுத்துங்கள். ஆறுதலாக எரிய வேண்டும், மளமளவென்று எரிந்தால் சூடு கீழே இறங்காது. புகைக்கு இடமில்லாத வளவென்றால் வெயிலைப் பாவியுங்கள். மேடையைக் கொத்திப் பொடியாக்கி, நன்றாக நனைத்து, தெளிந்த பொலித்தீனால் இறுக்கி மூடி, ஓரம் முழுக்க மண் அணைத்து, நாலு முதல் ஆறு கிழமை விடுங்கள். கறுப்புப் பொலித்தீனைவிடத் தெளிந்தது கூடச் சூடேற்றும். பங்குனி, சித்திரைதான் இதற்குத் திறம். வைகாசி தாண்டினால் சோளகம் பொலித்தீனைப் பிய்த்துவிடும்.

பரந்த தறைக்கு இதை நான் சொல்ல மாட்டேன். சூடு மேல்மண்ணில் ஒரு சாணளவுக்குத்தான் நன்றாக வேலை செய்யும், ஆழத்தில் உள்ளது பிறகு மேலே வரும். பொலித்தீன் செலவுக்கும் கட்டாது. மேடைக்குப் போதும். தட்டில் தும்புச்சோறும் உக்கின எருவும் கலந்து கன்று போட்டால் இந்த வில்லங்கமே இல்லை.

## அறிகுறி: "நான் இயற்கை முறை. எனக்கு ஏன் வந்தது?"

2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து, அந்த வருடக் கடைசியிலேயே நீக்கப்பட்ட மாதங்களில் இந்தக் கேள்வி கூடியது. இயற்கைக்கு மாறினால் மண்ணில் உள்ள கெட்டது தானாகப் போய்விடும் என்று பலர் நம்பினார்கள். நானும் எரு போடும் கட்சிதான், அதனால் மனம் நோகாமல் சொல்கிறேன்: இந்தப் புழு உங்கள் பசளைப் பையைப் பார்த்து வருவதில்லை, என்ன வேர் நிற்கிறது என்று பார்த்தே வருகிறது.

எரு வருடக்கணக்காகப் போட்ட மண்ணில் புழு இருந்தும் செடி தாக்குப்பிடிக்கும், அது உண்மை. அந்த மண்ணில் வேறு நூற்றுக்கணக்கான வட்டப்புழுக்கள் இருக்கும். அவை பற்றீரியாவையும் பூஞ்சணத்தையும் தின்று, பசளையைச் செடிக்கு அவிழ்த்துக் கொடுப்பவை. ஆனால் ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைத்தால் எருவும் கைவிடும்.

சுலபமானதிலிருந்து பாருங்கள்:

களை. மணத்தக்காளி, முட்கீரை இரண்டிலும் இந்தப் புழு நன்றாகப் பெருகும். "கறிக்கு உதவும்" என்று வரம்பில் விட்டிருக்கிறீர்களா? தறையைச் சும்மா போட்டுக் களையை விட்டால் அது சும்மா போட்டதாகாது.

கூட்டெரு. போன போகத்துக் கத்தரி வேர் குழிக்குள் போனதா? போயிருந்தால் அந்த எருவை முருங்கைக்கும் தென்னைக்கும் போடுங்கள், மரக்கறித் தறைக்கு வேண்டாம்.

செவ்வந்தி. மாலை கட்டுகிற மஞ்சள், செம்மஞ்சள் செவ்வந்தி (துலுக்கச் செவ்வந்தி, மேரிகோல்ட்) இந்தப் புழுவைக் குறைக்கும். ஆனால் கரையில் பத்துச் செடி நட்டால் கரைக்குத்தான் அழகு. பாதித்த இடம் முழுக்க நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று மாதம் நிற்க விட்டு, பிறகு மண்ணோடு மடக்க வேண்டும். பூவுக்குத் திருவிழாக் காலத்தில் விலை இருக்கும், கணக்குப் பார்த்து நடுங்கள்.

சணல். நம் பெரியவர்கள் பசுந்தாளாக விதைத்து மடக்கிய அதே சணல் (சணப்பு). வேர்முடிச்சுப் புழு அதில் பெரிதாகப் பெருகாது. நெருக்கமாக விதைத்து, பூக்கத் தொடங்கும்போது மடக்கி, இரண்டு மூன்று கிழமை உக்க விட்டு நடுங்கள். செலவுக்கும் பலனுக்கும் இதைவிட நல்லதை நான் காணவில்லை.

வேப்பம் பிண்ணாக்கு. நடுகைக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன் சதுர மீற்றருக்கு 100 கிராம் வரை மண்ணோடு கொத்தி நனைப்பேன். முழுத் தறைக்கும் போடக் காசு காணாவிட்டால் நடுகுழிக்கு மட்டும் ஒரு பிடி. இது உதவிக்கு வரும், தனியாகக் காப்பாற்றாது.

பயிர் மாற்றம். கச்சான் எங்கள் பக்கத்து வேர்முடிச்சுப் புழுவுக்குப் பொதுவாக ஏற்காத பயிர். காலபோகத்தில் தண்ணீர் கட்டி நெல் நின்ற வயலில் மரக்கறி வைத்தாலும் முடிச்சு குறைவாக இருக்கும். வெங்காயத்தில் முடிச்சு மிகச் சிறிது, அதனால் நாம் காண்பதில்லை. ஆனால் புழு அதிலும் பெருகும், வெங்காயத்தை இளைப்பாறலாக எண்ண வேண்டாம்.

முளைக்கீரையால் ஒரு தந்திரமும் செய்யலாம். கீரைக்குள் புழு ஏறும். முட்டை வைக்க முன், விதைத்த மூன்று கிழமைக்குள் வேரோடு பிடுங்கிக் கட்டி விற்றுவிட்டால் அவ்வளவு புழுவும் தறையை விட்டு வெளியே. ஒரு கிழமை தாமதித்தாலும் எதிர்மாறாகிவிடும், புழுவை நாமே வளர்த்ததாகும். நாளைக் குறித்து வைக்க முடியாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

## அறிகுறி: மருந்து போட்டும் அடுத்த போகத்தில் திரும்ப வருகிறது

குருணை போட்ட போகம் நன்றாக இருந்தது, அடுத்த போகம் பழையபடி. இதற்குக் காரணம் பெரும்பாலும் மருந்து போலி என்பதல்ல. மண்ணில் அலையும் குஞ்சுக்குத்தான் மருந்து எட்டும், வேரில் பசையில் மூடிக் கிடக்கும் முட்டைக்கு எட்டுவது குறைவு. போன போகத்து வேரை விட்டுவிட்டு மருந்து போட்டால் முட்டையை விட்டுவிட்டுப் போட்டதாகும்.

முதலில் மேலே சொன்ன வேர் கிளப்பலும் பயிர் மாற்றமும் நடந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைச் செய்யாமல் இரண்டாம் தரம் மருந்துக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

அடுத்தது வெக்கைக் கொத்து. காசில்லாத வழி. ஆனி, ஆடியில் தறை சும்மா கிடந்தால் ஆழமாகக் கொத்திப் புரட்டி, இரண்டு கிழமைக்கு ஒரு தரம் திரும்பப் புரட்டுங்கள். வெயிலும் வறட்சியும் புழுவைக் கொல்லும். இடையில் இறைக்கவும் கூடாது, களை முளைக்கவும் கூடாது.

பிறகு விதை. தக்காளி விதைப் பைக்கற்றில் நோயெதிர்ப்பு எழுத்துகளில் ஆங்கில 'என்' இருந்தால் வட்டப்புழுவுக்குத் தாங்கும் இனம். ஆனால் மண் 28 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால் அந்த எதிர்ப்புத் தளரும். நம் கோடையில் அதை மட்டும் நம்ப முடியாது, மாரி நடுகைக்கும் மூடாக்குப் போட்ட தறைக்கும் உதவும். கத்தரியைச் சுண்டங்காய்ச் செடியில் ஒட்டி நடுவது இன்னும் உறுதியான வழி, பற்றீரியா வாடலுக்கும் தாங்கும். ஒட்டுவதற்குக் கைப்பழக்கம் வேண்டும், வீட்டுத் தோட்டத்துக்குப் பத்துக் கன்றில் தொடங்கிப் பார்க்கலாம்.

மருந்து கடைசி. இங்கே நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன். வலிகாமத்தில் நம் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல். மண்ணில் போடுவது கிணற்றுக்குப் போகும். நைத்திரேற்று எப்படி நம் கிணறுகளுக்கு ஏறியது என்று எல்லோருக்கும் தெரியும். புழுவுக்குப் போடும் குருணைகளில் மனிதருக்கும் பறவைக்கும் மிகவும் நஞ்சானவை இருக்கின்றன. சிட்டையில்லாத பையில், ஆரோ மிச்சம் வைத்ததை, எந்த அளவிலும் வாங்க வேண்டாம். இப்போது பதிவில் உள்ளதா, அந்தப் பயிருக்கு உரியதா, போட்டு எத்தனை நாள் கழித்துக் காய் ஆயலாம் என்ற மூன்றுக்கும் போதனாசிரியரிடம் மறுமொழி வாங்காமல் மண்ணில் எதுவும் போடாதீர்கள்.

## சந்தேகம் தீரவில்லை என்றால் வீட்டிலேயே ஒரு சோதனை

தறை சும்மா கிடக்கிறது, நடலாமா என்று தெரிய வேண்டும். தறை மண்ணில் மூன்று சாடி நிரப்புங்கள். அதே மண்ணைக் கொதிநீர் ஊற்றி நன்றாகச் சூடாக்கி, ஆறவிட்டு, இன்னும் மூன்று சாடி நிரப்புங்கள். ஆறிலும் தக்காளியோ கெக்கரியோ போட்டு ஐந்து கிழமை வளர்த்து, கிளப்பிக் கழுவி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடிச்சு தறை மண்ணில் மட்டும் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. சாடிகளை நிலத்தில் வைக்காமல் கல்லின் மேல் வையுங்கள்.

## ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்

பால் நூலும் முடிச்சும் சேர்ந்து தெரிந்தால், இரண்டு போகம் மாற்றுப் பயிர் வைத்தும் குறையாவிட்டால், வேர் கறுத்து அழுகுகிறது ஆனால் முடிச்சு இல்லை என்றால், வாழை சாய்ந்தால், மருந்து போடும் எண்ணம் வந்தால், இனி நீங்களாகப் பார்க்க வேண்டாம். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் செடியை வேர்மண்ணோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். கமநல சேவை நிலையத்தில் கேட்டால் அவர் வரும் நாளைச் சொல்வார்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்குப் பேசியும் ஆலோசனை கேட்கலாம்.

மண் மாதிரி கேட்டால் இப்படி எடுங்கள். தறையில் வளைந்து வளைந்து நடந்து பதினைந்து இருபது இடத்தில், செடியின் வேரடியிலிருந்து, ஒரு சாண் ஆழம் வரை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வாளியில் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோவைப் பொலித்தீன் பையில் இட்டு, ஒரு பிடி சல்லிவேரும் சேர்த்துக் கட்டுங்கள். சேறாகவும் தூசியாகவும் இல்லாத ஈரத்தில் எடுக்க வேண்டும். துண்டில் பயிர், நட்ட திகதி, முந்திய இரண்டு போகத்தில் நின்ற பயிர், பாதித்தது எத்தனை பரப்பு (நம் பக்கத்து நில அளவு), போட்ட மருந்து எல்லாம் பென்சிலால் எழுதி வையுங்கள். பையை வெயிலில் சைக்கிள் கரியரில் விடக் கூடாது, குளிர்ப்பெட்டியின் உறைபெட்டிக்குள்ளும் வைக்கக் கூடாது. வழியில் புழு செத்தால் முடிவு "இல்லை" என்று வரும், நீங்களும் நம்பி நடுவீர்கள்.

முடிவு வந்ததும் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கலங்க வேண்டாம். எந்த வகை, செடியைத் தின்பது எத்தனை என்று கேளுங்கள். உரும்பிராய்ப் பெரியம்மாவிடமும் இதையே சொல்லித்தான் பையைக் கட்டிக் கொடுத்தேன். அவரது திட்டு மூன்று பரப்பு. அதில் இந்தப் போகம் கச்சான் நிற்கிறது, பின்னால் சணல் விதைக்க விதை எடுத்து வைத்திருக்கிறார். கத்தரி மற்றப் பக்கத்துக்குப் போயிருக்கிறது.